131 சதவீத எஃபிசியன்சியும் ஒரு டப்பா தார் மணலும்



முதல்ல ஒரு சத்தியம் பண்ணுங்க. இந்தப் பக்கத்தை உங்க லேப் ஸ்டாஃப் கண்ணுல காட்டக் கூடாது. ஓகேவா? இப்போ நெஞ்சுல கை வச்சு சொல்லுங்க... ரெக்கார்டு நோட்ல ஒரு தடவைகூட ரீடிங்கை 'அட்ஜஸ்ட்' பண்ணாத மகான் யாராவது இருக்கீங்களா?

யாரும் கை தூக்கலையே! சரி, நானும் தூக்கல.

போன செமஸ்டர் ஹீட் டிரான்ஸ்ஃபர் லேப். ஒரு குழாய்ல வெந்நீர் போகும், அதைச் சுத்தி குளிர்ந்த தண்ணி போகும். வெந்நீர் எவ்வளவு வெப்பத்தை இழந்துச்சு, குளிர்ந்த தண்ணி எவ்வளவு வாங்குச்சுன்னு கணக்குப் போடணும். எங்க பேட்ச்ல நாலு பேரு. பயபக்தியா ரீடிங் எடுத்து, கால்குலேட்டர்ல தட்டிப் பார்த்தா, எஃபிசியன்சி 131 சதவீதம்!

அதாவது நீங்க ஃப்ரெண்டுக்கு 100 ரூபா கடன் கொடுக்கறீங்க. அவன் பாக்கெட்ல போய் விழுறது 131 ரூபா. அப்படி ஒரு மெஷின் நிஜமாவே இருந்தா நாங்க நாலு பேரும் பரிசு வாங்க ஸ்வீடனுக்கு டிக்கெட் எடுத்திருக்கணும். ஆனா எடுத்தது சீனியர் அக்காவோட ரெக்கார்டு நோட்டைத்தான். அதுல 84 சதவீதம்னு இருந்துச்சு. நாங்க கொஞ்சம் தன்மானத்தோட 82-ன்னு எழுதிக்கிட்டோம். கையெழுத்து விழுந்துச்சு. கேன்டீன்ல பப்ஸ் சாப்பிட்டோம். சுபம்.

அது சுபம் இல்லைன்னு புரிய வச்சது கனடாவுல இருக்கிற மணல். எப்படின்னு சொல்றேன், வாங்க.

சனி பிடிச்ச செமினார்

இந்த செமஸ்டர் செமினாருக்கு டாபிக் கொடுத்தாங்க. நல்ல டாபிக்கெல்லாம் முதல் பெஞ்ச் அள்ளிட்டுப் போக, கடைசியா வந்த எனக்கு மிஞ்சினது, 'தார் மணலில் நீராவி செலுத்தி எண்ணெய் எடுப்பது - ஆய்வகச் சோதனைகள்'. படிக்கும்போதே கொட்டாவி வந்துச்சா? எனக்கும் வந்துச்சு. ஆனா ரெண்டு வாரம் உட்கார்ந்து படிச்சதுல, தூக்கம் போனதுதான் மிச்சம்.

ரோடு போடுற இடத்துல தார் டிரம் பார்த்திருப்பீங்க. அடியில தீ மூட்டினாதான் தார் இளகும். இல்லாட்டி கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கும். அதே குணம் உள்ள ஒரு சரக்கு மணலோட மணலா ஒட்டிக்கிட்டு, கனடாவோட ஆல்பர்ட்டா மாகாணத்துல தரைக்கு அடியில கிடக்கு. பேரு பிட்டுமென். அது கிடக்கிற நிலத்தோட பரப்பு சுமார் 1,42,000 சதுர கிலோமீட்டர். நம்ம தமிழ்நாடே 1,30,000 சதுர கிலோமீட்டர்தான்!

மேலாப்புல இருக்கிற மணலை வெட்டி எடுத்து வெந்நீர்ல அலசிப் பிரிச்சுடலாம். இந்த வழியை 1920-கள்லயே ஆல்பர்ட்டாவுல கார்ல் கிளார்க்னு ஒருத்தர் ஆராய்ச்சி பண்ணிக் காட்டிட்டார். ஆனா மொத்தச் சரக்குல சுமார் 80 சதவீதம், வெட்டி எடுக்க முடியாத ஆழத்துல இருக்கு. மணலை மேல கொண்டு வர முடியாது, எண்ணெயை மட்டும் கொண்டு வரணும். ஆனா அது ஓடினாத்தானே?

எவ்வளவு கெட்டின்னு ஒரு கணக்கு. தண்ணியோட பாகுத்தன்மை 1-ன்னு வச்சுக்குங்க. தேன் சுமார் 10,000. அத்தபாஸ்கா பகுதி பிட்டுமென் தரைக்கு அடியில இருக்கிற குளிர்ல 10 லட்சத்துக்கும் மேல! ஆனா அதையே 200 டிகிரிக்கு சூடாக்கினா 10-க்குப் பக்கத்துல வந்துடும். நம்ம கடலை எண்ணெயை விட இளசு. அப்போ விஷயம் சிம்பிள். சூடு போடணும். எதை வச்சு?

குக்கர் மூடியைத் திறக்கும்போது ஆவி பட்டுக் கை வெந்த அனுபவம் உண்டா? கொதிக்கிற தண்ணி பட்டதை விட பயங்கரமா எரியும். காரணம், ஒரு கிலோ நீராவி 100 டிகிரியிலயே தண்ணியா மாறும்போது 2,257 கிலோஜூல் வெப்பத்தைக் கொட்டுது. அதே ஒரு கிலோ தண்ணியை பூஜ்யத்துலேர்ந்து 100 டிகிரிக்கு சூடாக்கவே 419 கிலோஜூல்தான் வேணும். அஞ்சு மடங்குக்கு மேல! அதனாலதான் நீராவி. 1961-ல வில்மன் என்பவரோட குழு வெளியிட்ட ஆய்வகச் சோதனைகள்லயும் வெந்நீரை விட நீராவிதான் அதிக எண்ணெயை வெளியே தள்ளுச்சு.

டப்பாவுக்குள்ள பூமி

சரி, லேப்ல இதை எப்படி சோதிக்கிறாங்க? இரும்புக் குழாய் ஒண்ணு. அதுக்குள்ள சுத்தமான மணலைத் தட்டித் தட்டி இறுக்கமா நிரப்பணும். உள்ளே இருக்கிற காத்தை பம்ப் வச்சு உறிஞ்சிட்டு, தண்ணியை விடணும். எவ்வளவு தண்ணி உள்ளே போச்சோ, அதுதான் மணலுக்கு நடுவுல இருக்கிற இடம். அப்புறம் சூடாக்கின பிட்டுமெனை அழுத்தி உள்ளே அனுப்பி, அந்தத் தண்ணியில பெரும் பகுதியை வெளியே தள்ளணும். கொஞ்சூண்டு தண்ணி உள்ளேயே தங்கிடும். தங்கட்டும், பூமிக்கு அடியிலயும் அப்படித்தான்.

இப்போ ஒரு முனையில நீராவி, மறு முனையில பாட்டில். வழி நெடுக தெர்மோகப்பிள். நீராவி எது வரைக்கும் நகர்ந்திருக்குன்னு அது காட்டும். அவ்வளவுதானேன்னு கிளம்பிடாதீங்க. இங்கதான் வில்லன் என்ட்ரி.

முதல் வில்லன், குழாயோட சுவர். மணல் வெப்பத்தை மெதுவாதான் கடத்தும். இரும்பு சூப்பர் ஃபாஸ்ட். நீராவி போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே சுவர் வழியா சூடு முன்னாடி ஓடிடும். வெளியில உள்ள காத்துக்கும் கசியும். பூமிக்கு அடியில இரும்புச் சுவர் ஏது? அதனால மெல்லிசான குழாய், மேல கனமான வெப்பக் காப்பு, சில இடங்கள்ல சுவரோட சூட்டையும் உள்ளே இருக்கிற மணலோட சூட்டையும் ஒண்ணா வச்சிருக்க தனி ஹீட்டர்னு படாத பாடு படுறாங்க.

ரெண்டாவது வில்லன்தான் எனக்கு ஷாக் கொடுத்தது. பேரு, மெட்டீரியல் பேலன்ஸ். அதாவது வரவு செலவுக் கணக்கு.

80 கிராம் எங்கே?

ஒரு உதாரணம் சொல்றேன். உள்ளே வச்ச பிட்டுமென் 1,000 கிராம். சோதனை முடிஞ்சு பாட்டில்ல சேர்ந்தது 620 கிராம். மணலை வெளியே எடுத்து டொலுவீன்ல கொதிக்க வச்சுக் கழுவிப் பார்த்தா அதுல 300 கிராம். கூட்டினா 920. பாக்கி 80 கிராம் எங்கே?

இப்போ நம்ம ஊர் ரெக்கார்டு நோட் மூளை என்ன சொல்லும்? 'அதுவும் வெளியதான் வந்திருக்கும் மச்சி, 700-ன்னு போடு!'

போட்டுப் பார்ப்போம். அனுப்பின நீராவி, தண்ணிக் கணக்குல 2,100 கிராம்னு வச்சுக்குங்க. ஒரு பங்கு எண்ணெய்க்கு எத்தனை பங்கு நீராவி செலவாச்சு என்பதுதான் இந்தத் துறையோட தலையெழுத்தைத் தீர்மானிக்கிற நம்பர். நிஜத்துல 2,100-ஐ 620-ஆல் வகுத்தா, 3.4. அட்ஜஸ்ட் பண்ணி 700-ஆல் வகுத்தா, 3. சின்ன வித்தியாசம்தானேங்கறீங்களா? ஒரு நாளைக்கு 30,000 பேரல் எடுக்கிற இடத்துல, அந்த 0.4 வித்தியாசம் தினமும் 12,000 பேரல் தண்ணி. சுமார் 19 லட்சம் லிட்டர். அதை தினமும் கொதிக்க வச்சு ஆவியாக்கணும். எதை எரிச்சு? பெரும்பாலும் இயற்கை எரிவாயுவை. நீராவிக் கணக்கு 3-ஆ இருக்கும்போதே, கிடைக்கிற எண்ணெய்ல உள்ள சக்தியில சுமார் அஞ்சுல ஒரு பங்கு அளவுக்கு நீராவிக்காக எரிக்க வேண்டியிருக்கு. அந்தப் புகை போற வானம், கனடாவுக்கு மட்டும் சொந்தம் இல்லையே!

லேப் நம்பரை யாரும் அப்படியே தூக்கிட்டுப் போய் ஃபீல்டுல வைக்க மாட்டாங்க. கம்ப்யூட்டர் மாடல், ஃபீல்டு டெஸ்ட்னு நடுவுல நிறைய படி இருக்கு. ஆனா அந்தப் படியெல்லாம் நிக்கிறது இந்த 80 கிராம் மேலதான்.

உண்மையில அந்த 80 கிராமைத் தேடணும். குழாய் இணைப்புல ஒட்டியிருக்கலாம். தண்ணியும் தாரும் ஒண்ணோட ஒண்ணு கலந்து, மோர் மாதிரி பிரியாம நிக்கும். அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கலாம். எல்லாத்தையும் கழுவி, எடை போட்டு, அப்பவும் 10 கிராம் குறைஞ்சா, '10 கிராம் கணக்குல வரலை'ன்னு எழுதணும். அவ்வளவுதான். அப்படி எழுதறதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்லைன்னு இந்த டாபிக் படிக்கிற வரைக்கும் எனக்கு யாரும் சொல்லலை பாஸ்!

ஒரு மணி நேரம் = ஒரு வருஷம்

அடுத்து நம்ம ஹீரோ. பேரு ரோஜர் பட்லர், கெமிக்கல் இன்ஜினியர். நம்ம டிபார்ட்மென்ட்! பூமிக்கு அடியில படுக்கை வசமா ரெண்டு கிணறு, ஒண்ணு மேல, ஒண்ணு சுமார் 5 மீட்டர் கீழே. மேல் கிணத்துல நீராவியை விட்டா, அது மணலுக்குள்ள ஒரு அறை மாதிரி பரவும். ஓரத்துல இருக்கிற தார் இளகி, புவியீர்ப்பால வழிஞ்சு, கீழ்க் கிணத்துல வந்து விழும். இதுக்கான கணக்கை 1981-ல அவரும் அவரோட சகாக்களும் வெளியிட்டாங்க.

ஆனா ஒரு சிக்கல். ஃபீல்டுல இது நடந்து முடிய பல வருஷம் ஆகும். லேப்ல யாரு அவ்வளவு நாள் காத்திருக்கறது? அதனால மெல்லிசா ஒரு பெட்டி செஞ்சு, உள்ளே நடக்கறது தெரியற மாதிரி ஒரு பக்கம் கண்ணாடி வச்சு சோதிக்கிற முறை வந்துச்சு. 20 மீட்டர் மணல் படுகையை நூறுல ஒரு பங்காக் குறைச்சா 20 சென்டிமீட்டர் பெட்டி. ஆனா எல்லாத்தையும் ஒரே மாதிரி குறைச்சா கணக்கு பிசகிடும். உயரம் நூறுல ஒரு பங்கானா, மணலோட ஊடுருவும் திறன் நூறு மடங்கு கூடணும். அதனால பொடி மணலுக்குப் பதிலா பெரிய மணலோ கண்ணாடி மணியோ போடுவாங்க. அப்படிச் செஞ்சா நேரம் 10,000 மடங்கு சுருங்குது. லேப்ல ஒரு மணி நேரம்னா, ஃபீல்டுல 10,000 மணி நேரம். அதாவது ஒரு வருஷத்துக்கும் மேல!

இதைப் படிச்சதும் எனக்கு தோணின முதல் விஷயம் என்ன தெரியுமா? ரீடிங் எடுக்கிற நேரத்துல ஒருத்தன் டீ குடிக்கப் போய் 6 நிமிஷம் கழிச்சு வந்து, நடுவுல ஒரு நம்பரை 'உத்தேசமா' எழுதினா, ஃபீல்டு கணக்குல அவன் 1,000 மணி நேரத்தைக் கற்பனையா எழுதியிருக்கான். 41 நாளுக்கு மேல. காஸ்ட்லி டீ!

அந்தப் பெட்டி சொன்னதையும் அவங்க கண்ணை மூடிக்கிட்டு நம்பலை. ஃபோர்ட் மெக்முர்ரேவுக்குப் பக்கத்துல, அரசு அமைப்பு ஒண்ணு தார் மணலுக்கும் கீழே சுரங்கம் தோண்டி, அங்கிருந்து மேல் நோக்கிக் கிணறு போட்டு, 1987-ல நீராவியை விட்டுப் பார்த்துச்சு. ஓடுச்சு! இந்த முறை வணிக ரீதியா உற்பத்திக்கு வந்தது 2001-ல. கணக்குக்கும் காசுக்கும் நடுவுல 20 வருஷம். என் வயசு!

சொதப்பலும் ஒரு ரீடிங்தான்

இப்போ ஒரு பழைய கதை. 1959, வெனிசுவேலாவுல மெனே கிராண்டே. ஷெல் நிறுவனத்துக்காரங்க தார் மணல்ல ஒரு கிணத்து வழியா நீராவியை விட்டு, எண்ணெயைப் பக்கத்துக் கிணத்துக்குத் தள்ளலாம்னு பார்த்தாங்க. ஆனா நீராவி தரையைப் பிச்சுக்கிட்டு மேல வந்துடுச்சு. சோதனை படு சொதப்பல். அழுத்தத்தைக் குறைக்க, நீராவி விட்ட அதே கிணத்தைத் திறந்து விட்டா, அதுலேர்ந்தே எண்ணெய் கொட்ட ஆரம்பிச்சுது!

ஒரே கிணத்துல கொஞ்ச நாள் நீராவி விடு, மூடி ஊற வை, அப்புறம் எண்ணெயை எடு. இந்த முறை இப்படித்தான் பிறந்துச்சு. ஆல்பர்ட்டாவுல கோல்ட் லேக் பகுதியில 1985-லேர்ந்து பெரிய அளவுல நடக்கிறது இதே வழிதான். யோசிச்சுப் பாருங்க. அன்னைக்கு அந்த டீம், 'பிளான் படி ரிசல்ட் வரலை, சீனியர் ரெக்கார்டை எடு'ன்னு போயிருந்தா?

இதுக்கு எதிர்ப் பக்கமும் உண்டு. 2006 மே 18. ஆல்பர்ட்டாவுல ஜோஸ்லின்ங்கிற இடம். ஆழம் குறைஞ்ச படுகை. உள்ளே விட்ட நீராவி, மேல மூடி மாதிரி இருந்த பாறையை உடைச்சுக்கிட்டு வெளியே வந்து, கல்லையும் மண்ணையும் வீசி எறிஞ்சு, பெரிய பள்ளமே விழுந்துச்சு. நான் மேல சொன்ன லேப் பெட்டியில மூடிப் பாறைங்கிற ஒண்ணே கிடையாது. நீங்க எதைப் பெட்டிக்குள்ள வைக்கலையோ, அதைப் பத்தி பெட்டி வாயே திறக்காது. ஆக, பெட்டி சொன்னதை ஒழுங்கா எழுதணும். அது எதைச் சொல்லலைங்கிறதையும் எழுதணும்.

மறுபடியும் 131

செமினார் முடிஞ்சுது. கைதட்டல் சுமார்தான். ஆனா மனசுக்குள்ள அந்த 131 உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ஒரு நாள் சாயங்காலம் லேப் அண்ணாகிட்ட போய், "அண்ணா, ஒரு தப்பு பண்ணிட்டோம்"னு மொத்தக் கதையையும் ஒப்பிச்சேன். திட்டுவாருன்னு பார்த்தா, எழுந்து போய் ஒரு பக்கெட் எடுத்துட்டு வந்தார்.

"வா தம்பி, அளந்துடுவோம்."

தண்ணியோட வேகத்தைக் காட்டுற ரோட்டாமீட்டர் நிமிஷத்துக்கு 10 லிட்டர்னு காட்டுச்சு. செல்போன்ல ஸ்டாப்வாட்ச் போட்டு, பக்கெட்ல ஒரு நிமிஷம் பிடிச்சோம். 7 லிட்டர்தான்! மீட்டர் பொய் சொல்லிக்கிட்டிருந்திருக்கு. 131-ஐ 0.7-ஆல் பெருக்கினா கிட்டத்தட்ட 92. எங்க ரீடிங் சரிதான் மக்களே! தப்பா இருந்தது மீட்டர். நாங்க கஷ்டப்பட்டு எடுத்த சரியான ரீடிங்கைத் தூக்கிப் போட்டுட்டு, கஷ்டமே படாம ஒரு பொய்யை எழுதி மார்க் வாங்கியிருக்கோம்.

சீனியர் அக்காவைக் கேட்டேன். அவங்களுக்கும் 100-க்கு மேலதான் வந்துச்சாம். அவங்களும் அவங்க சீனியர் நோட்டைப் பார்த்துதான் 84. எத்தனை பேட்ச் இப்படின்னு தெரியாது. ஒருத்தராவது '131 வந்துச்சு, ஏன்னு தெரியலை'ன்னு ஒரு வரி எழுதியிருந்தா, அன்னைக்கே அந்த மீட்டர் மாறியிருக்கும்.

லேப்ல ஒரு பக்கெட் தண்ணியோட போற தப்பு, வெளியில 19 லட்சம் லிட்டரா நிக்கும். சீப்பா தப்பு பண்ணவும், பண்ணின தப்பைக் கண்டுபிடிக்கவும்தான் லேப்னு ஒண்ணு கட்டி வச்சிருக்காங்க. அங்கேயும் நாம நல்ல பிள்ளையா நடிச்சா, அப்புறம் எங்கதான் நிஜமா இருக்கப் போறோம்?

நான் என் ரெக்கார்டு நோட்ல அந்தப் பக்கத்துக்குக் கீழே, சிவப்பு இங்க்ல 131-ன்னு எழுதி, பக்கெட் கணக்கையும் போட்டு, மேடம்கிட்ட கொண்டு போய்க் காட்டினேன். ரெண்டு நிமிஷம் ஒண்ணுமே பேசலை. அப்புறம் மார்க்கைக் குறைச்சாங்க. பத்துக்கு ஒம்பது இருந்தது ஏழாச்சு. ஆனா லேப் வாசல்ல புது ரோட்டாமீட்டர் கேட்டு ஒரு லெட்டர் டைப் ஆகிக்கிட்டிருக்கு. ரெண்டு மார்க்குக்கு ஒரு மீட்டர். டீல் ஓகேதானே?

அடுத்த தடவை உங்க லேப்ல விவகாரமான நம்பர் வந்தா, சீனியர் நோட்டைத் தேடாதீங்க. முதல்ல ஒரு பக்கெட் தேடுங்க.

வர்ட்டா... அடுத்த வாரம் மீட் பண்ணுவோம்!